புதுச்சேரியின் சின்னங்களும் கொடிகளும்

புதுச்சேரியின் சின்னங்களும் கொடிகளும் என்னும் இக்கட்டுரை, 1674 ஆம் ஆண்டு முதல் புதுச்சேரி நகரில் வழங்கிய மரபுச் சின்னங்கள், நாணயக் குறிகள், கொடிகள், அரசு அடையாளங்கள் ஆகியவற்றையும் அவை உணர்த்தும் பொருளையும் விளக்குகின்றது. பிரெஞ்சுக்காரர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூன்று ஐரோப்பிய இனத்தவரின் ஆட்சியைக் கண்ட நகரம் இது. இங்கு வழங்கிய சின்னங்களுள் பெரும்பாலானவை நகரத்திற்கென வரையப்பட்டவை அல்ல. ஆண்டவர்கள் தம் நாட்டிலிருந்து கொண்டுவந்தவை ஆகும். நகரத்தின் சொந்த அடையாளம் என்று கூறத்தக்கவை சிலவே. அவற்றுள் பழமையானது, செப்புக் காசுகளில் தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்ட "புதுச்சேரி" என்னும் ஊர்ப்பெயர் ஆகும்.

மரபுச் சின்னம்

ஐரோப்பாவில் அரச குடும்பங்கள், நகரங்கள், வணிகக் கம்பெனிகள் போன்றவை தம்மை அடையாளப்படுத்தும் பொருட்டுக் கேடய வடிவில் வரைந்துகொண்ட சின்னமே மரபுச் சின்னம் எனப்படுகின்றது. போரில் முகம் மறைக்கும் கவசம் அணிந்த வீரர்களை இனங்காண, அவர்தம் கேடயத்தில் தீட்டப்பட்ட உருவங்களிலிருந்து 12 ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கம் வளர்ந்தது. ஒரு முழுமையான மரபுச் சின்னத்தில் பின்வரும் உறுப்புகள் காணப்படும்.

- கேடயம்: சின்னத்தின் நடுப்பகுதி. இதில் உள்ள நிறங்களும் உருவங்களுமே முதன்மையானவை.
- தலைப்பட்டை: கேடயத்தின் மேற்பகுதியில் அமையும் அகன்ற பட்டை. பெரும்பாலும் உயர்ந்த அதிகாரத்தைக் குறிக்கும்.
- தாங்கிகள்: கேடயத்தை இருபுறமும் தாங்கி நிற்கும் மனித அல்லது விலங்கு உருவங்கள்.
- மகுடம்: கேடயத்தின் மேல் அமைவது. உரிமையாளரின் தகுதியைக் காட்டும்.
- குறிக்கோளுரை: சின்னத்துடன் எழுதப்படும் சிறு வாசகம். பெரும்பாலும் இலத்தீன் மொழியில் அமையும்.

தமிழகத்திலும் இதனை ஒத்த வழக்கம் பழங்காலம் முதல் இருந்து வந்துள்ளது. சோழர் புலியையும், பாண்டியர் மீனையும், சேரர் வில்லையும், பல்லவர் காளையையும் சின்னமாகக் கொண்டனர். சோழர் செப்பேடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரையில் புலியுடன் இரு மீன்களும் வில்லும் ஒருங்கே காணப்படுகின்றன; மேலே வெண்கொற்றக் குடையும் பக்கங்களில் சாமரங்களும் அமைந்துள்ளன. மற்ற இரு வேந்தர்களையும் வென்று தம் குடைக்கீழ்க் கொண்டமையை அம்முத்திரை அறிவிக்கின்றது. எனவே, ஒரு சின்னத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பொருள் கொள்ளும் முறை தமிழ் மரபுக்குப் புதியது அன்று.

1664 ஆம் ஆண்டுக் கம்பெனிச் சின்னம்

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, பதினான்காம் லூயி மன்னரின் காலத்தில், அவருடைய அமைச்சர் கோல்பேரின் முயற்சியால் 1664 ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. இக்கம்பெனியின் அலுவலரான பிரான்சுவா மர்த்தேன் 1674 ஆம் ஆண்டில் புதுச்சேரியில் வணிகக் குடியிருப்பை நிறுவினார்.

கம்பெனிக்கு அரசர் வழங்கிய சின்னம் வட்ட வடிவமானது. நீல நிறப் பின்புலத்தில் பொன்னிற லில்லி மலர்க்குறி ஒன்று அமைந்திருந்தது. பிரெஞ்சு மொழியில் "ஃப்ளெர் தெ லீ" எனப்படும் இக்குறி பிரெஞ்சு அரச குடும்பத்துக்கு உரியது. வட்டத்தைச் சுற்றி ஒருபுறம் பனை இனத்து ஓலைக் கிளையும், மறுபுறம் ஒலிவ மரக் கிளையும் இருந்தன. முன்னது வெற்றியையும் பின்னது அமைதியையும் குறிப்பன. அமைதி, வளமை ஆகிய இரண்டும் பெண் உருவம் பெற்றுத் தாங்கிகளாக நின்றன.

இதன் இலத்தீன் குறிக்கோளுரை "ஃப்ளோரெபோ குவோகும்குவே ஃபெரார்" என்பதாகும். "எங்கே கொண்டு செல்லப்பட்டாலும் நான் மலர்வேன்" என்பது இதன் பொருள். லில்லி மலரே பேசுவதுபோல் இவ்வாசகம் அமைந்துள்ளது. கப்பலில் ஏற்றி எந்தக் கடற்கரையில் நட்டாலும் பிரெஞ்சு வணிகம் செழிக்கும் என்னும் நம்பிக்கையை இது வெளிப்படுத்தியது. ஆயினும் நடைமுறையில் கம்பெனி அவ்வளவு செழிக்கவில்லை. பணமுடை அதனைத் தொடர்ந்து வாட்டியது. 1693 இல் புதுச்சேரியையே அது ஒல்லாந்தரிடம் இழந்தது.

1719 ஆம் ஆண்டுச் சின்னமும் மிசிசிப்பி ஆறும்

இசுக்காட்லாந்தைச் சேர்ந்த நிதி வல்லுநர் ஜான் லா என்பவர், 1717 ஆம் ஆண்டில் வட அமெரிக்காவின் லூயிசியானாப் பகுதியில் வணிகம் செய்யும் பொருட்டு மேற்குக் கம்பெனியைப் பிரான்சில் நிறுவினார். 1719 இல் இது கிழக்கிந்தியக் கம்பெனி முதலிய பிற கம்பெனிகளைத் தன்னுடன் இணைத்துக்கொண்டு "இந்தியக் கம்பெனி" என்று பெயர் பெற்றது. புதுச்சேரியும் இப்புதிய கம்பெனியின் ஆளுகைக்குள் வந்தது. மேற்குக் கம்பெனிக்கு 1717 இல் அளிக்கப்பட்ட சின்னமே புதிய கம்பெனிக்கும் தொடர்ந்தது.

இச்சின்னத்தின் உறுப்புகளும் அவற்றின் பொருளும் வருமாறு.

- பச்சை நிறக் கேடயம்: புதிய நிலத்தின் செழிப்பு.
- அடியில் அலை வடிவப் பட்டை: நீர்வழி.
- அதன் மேல் சாய்ந்து படுத்திருக்கும் முதியவர்: ஆற்றுத் தெய்வம். கிரேக்க, உரோமைச் சிற்ப மரபில் ஆறுகள் இவ்வாறே உருவகிக்கப்படும். இவ்வாறு மிசிசிப்பி ஆறு எனக் கொள்ளப்படுகின்றது.
- அவர் சாய்ந்திருக்கும் பொன்னிறக் கொம்பு: பழமும் மலரும் பெருகி வழியும் வளமைக் கொம்பு. நம் மரபின் பூரண கும்பத்துக்கு ஒப்பானது.
- நீல நிறத் தலைப்பட்டையில் சிதறிய பொன்னிற லில்லி மலர்க்குறிகள்: பிரெஞ்சு அரசரின் பாதுகாப்பு.
- தாங்கிகளாக இரு காட்டு மனிதர்: அமெரிக்கப் பழங்குடியினரை அக்கால ஐரோப்பியர் கண்ட விதத்தில் வரைந்த உருவங்கள்.

குறிக்கோளுரை "ஃப்ளோரெபோ குவோ ஃபெரார்" எனச் சுருங்கியது, பொருள் மாறவில்லை.

இச்சின்னத்தில் இந்தியாவுக்கு உரிய எதுவும் இல்லை என்பது கருதத்தக்கது. சோழமண்டலக் கடற்கரையில் துணி நெய்வித்து ஏற்றுமதி செய்த கம்பெனி, அமெரிக்க ஆற்றையும் அமெரிக்க மனிதரையும் தாங்கிய முத்திரையைப் பயன்படுத்தியது. ஜான் லாவின் நிதித் திட்டம் 1720 இல் பெரும் வீழ்ச்சியைக் கண்டது. அவர் பிரான்சை விட்டு வெளியேறினார். லூயிசியானாவையும் கம்பெனி 1731 இல் அரசரிடமே திருப்பி அளித்தது. அதன் பின்னரும் மிசிசிப்பி ஆறு கம்பெனியின் கேடயத்தில் நிலைத்திருந்தது.

லா குடும்பமும் லாஸ்பேட்டையும்

ஜான் லாவின் தம்பி மகன் ழான் லா தெ லொரிசுத்தோன் என்பவர், இந்தியக் கம்பெனி உருவான அதே 1719 ஆம் ஆண்டில் பிறந்தவர். இவர் இந்தியாவில் கம்பெனிப் பணியில் சேர்ந்து, வங்காளத்தில் காசிம்பசார் வணிக நிலையத்தின் தலைவராக இருந்தார். 1761 இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றிக் கோட்டையையும் நகரத்தையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். பாரிசு உடன்படிக்கையின்படி 1765 இல் நகரம் திருப்பித் தரப்பட்டபோது, அதனை ஏற்று மீண்டும் எழுப்பும் பொறுப்பு ஆளுநராக வந்த இவருக்கே வாய்த்தது. இடிபாடுகளின் மீது பழைய தெரு அமைப்பைப் பின்பற்றி நகரம் மறுபடியும் கட்டப்பட்டது.

புதுச்சேரி நகருக்கு வடமேற்கே அமைந்துள்ள லாஸ்பேட்டை இவருடைய பெயரால் வழங்குவதாகக் கூறப்படுகின்றது. "லா" என்னும் குடும்பப் பெயருடன் "பேட்டை" என்னும் தமிழ்ச் சொல் சேர்ந்து இப்பெயர் அமைந்தது. இன்று புதுச்சேரி வானூர்தி நிலையமும் தாகூர் கலைக்கல்லூரியும் இங்கு உள்ளன. கம்பெனியின் சின்னம் வழக்கொழிந்து போயிற்று. அச்சின்னத்தை உடைய கம்பெனியைத் தோற்றுவித்தவரின் குடும்பப் பெயரோ ஒரு தமிழ்ப் பேட்டையின் பெயராக மக்கள் நாவில் வாழ்கின்றது.

கம்பெனியின் தனி வணிக உரிமை 1769 இல் நிறுத்தப்பட்டது. அதன் பின் புதுச்சேரி நேரடியாகப் பிரெஞ்சு அரசரின் ஆட்சிக்கு உட்பட்டது.

நாணயங்களில் சின்னங்கள்

மரபுச் சின்னத்தை அலுவலரும் வணிகரும் மட்டுமே அறிந்திருந்தனர். பொதுமக்கள் நாள்தோறும் கையில் எடுத்துப் பார்த்தவை நாணயக் குறிகளே. புதுச்சேரி நாணயங்களில் மூவகை அதிகாரங்களின் குறிகள் காணப்படுகின்றன.

முதலாவது, முகலாயப் பேரரசின் குறி. ஆளுநர் துய்மா காலத்தில், 1736 இல், ஆற்காட்டு நவாபிடமிருந்து ரூபாய் அச்சிடும் உரிமை பெறப்பட்டது. இவ்வெள்ளி ரூபாய்கள் முகலாயப் பேரரசரின் பெயரில், பாரசீக எழுத்தில், ஆற்காட்டு ரூபாய் என்றே வெளியிடப்பட்டன. புதுச்சேரி அக்கசாலையில் அடிக்கப்பட்டவற்றை இனங்காணப் பிறைக் குறி இடப்பட்டது. பிரெஞ்சு அரசரின் பெயரோ சின்னமோ அவற்றில் இல்லை. உள்நாட்டு வணிகத்தில் செல்லுபடியாக வேண்டுமாயின் மக்கள் நம்பிய பெயரையே பொறிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, பிரெஞ்சு அரசரின் குறி. பணம் எனப்பட்ட சிறு வெள்ளி நாணயங்களில் மகுடமும் லில்லி மலர்க்குறிகளும் பொறிக்கப்பட்டன.

மூன்றாவது, ஊரின் பெயர். சந்தையில் புழங்கிய செப்புக் காசுகளில் ஒருபுறம் லில்லி மலர்க்குறியும் மறுபுறம் "புதுச்சேரி" என்னும் பெயர் தமிழ் எழுத்திலும் இருந்தன. ஆவணங்களில் பிரெஞ்சுக்காரர் "பொந்திஷேரி" என்று எழுதிய ஊர், அவர்கள் அடித்த காசிலேயே புதுச்சேரியாக இருந்தது.

பிரான்சில் 1830 ஆம் ஆண்டு ஜூலைப் புரட்சியின் விளைவாகப் பூர்போன் அரச குடும்பத்தின் லில்லி மலர்க்குறி கைவிடப்பட்டது. அதனைத் தொடர்ந்து 1836, 1837 ஆம் ஆண்டுகளில் வெளியான புதுச்சேரி நாணயங்களில் சேவல் உருவம் இடம்பெற்றது. பிரான்சின் பழைய பெயரான "கால்" என்பதும், சேவல் என்பதும் இலத்தீனில் ஒரே சொல்லாக ஒலிப்பதால் சேவல் அந்நாட்டுக்குக் குறியாயிற்று. தமிழருக்கோ சேவல் முருகனின் கொடி ஆகும். மலர் போய்ச் சேவல் வந்தபோதும் காசின் மறுபுறத்தில் தமிழ் ஊர்ப்பெயர் மாறாமல் இருந்தது.

ஒல்லாந்தர், ஆங்கிலேயர் சின்னங்கள்

1693 முதல் 1699 வரை புதுச்சேரி ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இருந்தது. அக்கம்பெனி தன் பெயரின் முதலெழுத்துகளாகிய வி, ஓ, சி ஆகிய மூன்றையும் பின்னிய எழுத்துக் குறியைச் சின்னமாகக் கொண்டிருந்தது. ஒல்லாந்தர் இந்நகருக்கு விட்டுச் சென்ற நிலையான அடையாளம், நேர்த்தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிச் செல்லும் நகர வரைவு ஆகும்.

ஆங்கிலேயர் 1761-1765, 1778-1785, 1793-1816 ஆகிய காலங்களில் நகரைக் கைப்பற்றி வைத்திருந்தனர். 18 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி பயன்படுத்திய கேடயத்தில், வெண்ணிறப் பின்புலத்தில் புனித ஜார்ஜின் செஞ்சிலுவை அமைந்திருந்தது. சிங்கங்கள் அதனைத் தாங்கின. "இங்கிலாந்தின் அரசர், பாராளுமன்றம் ஆகியோரின் ஆதரவில்" என்பது அதன் குறிக்கோளுரையின் பொருள். எங்கும் மலர்வேன் என்றது பிரெஞ்சுக் கம்பெனி. அரசின் ஆதரவில் வந்துள்ளேன் என்றது ஆங்கிலக் கம்பெனி.

கொடிகள்

பிரெஞ்சு முடியாட்சியின் கொடி வெண்ணிறமானது. சிலவற்றில் பொன்னிற லில்லி மலர்க்குறிகள் இருக்கும். கடலில் தோன்றும் கப்பல் எந்நாட்டது என்பதைக் கொடியைக் கண்டே நகரத்தார் அறிந்தனர். 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், கப்பல்கள் கொடியுடன் வருவதும் அவற்றுக்குப் பீரங்கி முழங்கி மரியாதை செய்வதும் பல இடங்களில் குறிக்கப்பட்டுள்ளன. போர்க் காலத்தில் அக்கொடி நகரத்தின் உயிரையும் உடைமையையும் முடிவு செய்யும் செய்தியாக இருந்தது.

நீலம், வெள்ளை, சிவப்பு ஆகிய மூன்று நிறங்களைக் கொண்ட கொடியைப் பிரெஞ்சுப் புரட்சி அரசு 1794 இல் ஏற்றது. அப்போது புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் இருந்தது. 1816 இல் நகரம் திரும்பக் கிடைத்தபோது பிரான்சில் முடியாட்சி மீண்டிருந்தமையால் வெண்கொடியே திரும்பியது. 1830 க்குப் பின்னரே மூவண்ணக் கொடி நிலைபெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 செப்டம்பரில், ஆளுநர் லூயி போன்வேன் தெ கோலின் சுதந்திரப் பிரான்சு இயக்கத்துடன் பிரெஞ்சிந்தியாவை இணைத்தார். அவ்வியக்கத்தின் சின்னமான இரட்டைக் குறுக்குக் கட்டை கொண்ட லொரேன் சிலுவை புதுச்சேரியின் அஞ்சல்தலைகளில் இடம்பெற்றது. 1942 ஆம் ஆண்டு வரிசையில் தாமரை மலர்கள் வரையப்பட்டன.

1954 இல் கொடி மாற்றம்

இந்திய விடுதலைக்குப் பின்னரும் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகியவற்றில் பிரெஞ்சுக் கொடியே பறந்தது. இந்தியாவுடன் இணையக் கோரிய போராட்டத்தில் இந்திய மூவண்ணக் கொடியை ஏற்றுவதே முதன்மையான செயலாக இருந்தது. 1954 மார்ச்சு இறுதியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏற்றப்பட்டது. தலைநகருக்கு முன்பே சிற்றூர்கள் கொடி மாறின. ஏனாமில் ஜூன் மாதத்திலும் மாகேயில் ஜூலை மாதத்திலும் பிரெஞ்சு ஆட்சி முடிவுக்கு வந்தது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். இணைப்பை ஆதரித்து 170 வாக்குகளும் எதிர்த்து 8 வாக்குகளும் பதிவாயின. நவம்பர் 1 அன்று ஆட்சி இந்திய அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரெஞ்சுக் கொடி இறங்கி, இந்தியக் கொடி ஏறியது. பிரெஞ்சுப் பாராளுமன்றத்தின் ஒப்புதலுக்குப் பின், 1962 ஆகத்து 16 அன்று இணைப்பு சட்டப்படி முழுமை பெற்றது.

புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப்பகுதிக்கெனத் தனிக் கொடி இல்லை. இந்திய தேசியக் கொடியே இங்கும் பயன்படுகின்றது. பிரெஞ்சுக் குடியுரிமை உடையோர் வாழும் நகரமாதலால், சூலை 14 ஆம் நாள் பிரெஞ்சு தேசிய நாள் கொண்டாட்டத்தில் இரு நாட்டுக் கொடிகளையும் கடற்கரைச் சாலையில் காணலாம்.

ஆயி மண்டபம்

இந்திய அரசின் சின்னமாகிய சாரநாத் சிங்கத் தலைப்பைப் புதுச்சேரி அரசும் பயன்படுத்துகின்றது. இப்பகுதிக்கே உரிய சின்னமாகப் பரவலாகக் குறிக்கப்படுவது, பாரதி பூங்காவின் நடுவே அமைந்த ஆயி மண்டபம் ஆகும்.

கிரேக்க, உரோமைக் கட்டடப் பாணியில் அமைந்த இவ்வெண்ணிற மண்டபம், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டப்பட்டது. முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாக இது எழுப்பப்பட்டது. கடலோரக் கிணறுகளில் உவர் நீரையே பெற்றுவந்த நகரத்தாருக்கு இது பெரும் பேறாக அமைந்தது. பொறியாளர் லமேரேசு இப்பணியை நிறைவேற்றினார்.

ஆயியைப் பற்றி வழங்கும் கதை வருமாறு. விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயர் இவ்வழியே வந்தபோது, விளக்கொளியில் மிளிர்ந்த மாளிகை ஒன்றைக் கோயில் என எண்ணி வணங்கினார். அது ஆயி என்னும் தாசியின் வீடு என அறிந்து சினந்து, அதனை இடிக்கப் பணித்தார். தன் வீட்டைத் தானே இடித்துக்கொள்ள ஆயி இசைவு பெற்றாள். அவ்விடத்தில் மக்களுக்காகக் குளம் ஒன்றை வெட்டுவித்தாள். பல நூற்றாண்டுகளுக்குப் பின் அவ்விடத்து நீரே நகருக்கு வந்தது. இக்கதையைக் கேட்ட மூன்றாம் நெப்போலியன் அவள் பெயரால் மண்டபம் எழுப்பச் செய்தார் என்பர்.

இது மக்கள் வழக்கில் உள்ள கதையே எனினும், சின்னத்தின் பொருளை அதுவே தருகின்றது. கட்டடத்தின் வடிவம் ஐரோப்பாவினுடையது. பெயரோ வேந்தனால் இழிவுபடுத்தப்பட்ட தமிழ்ப் பெண்ணினுடையது. கம்பெனியின் கேடயத்திலும் ஒரு நீர்நிலை இருந்தது. அது தொலைநாட்டு ஆறு. இது ஊரார் குடித்த நீர்.

பெயரும் இயற்கைச் சின்னங்களும்

2006 அக்டோபர் 1 முதல் ஆட்சிப்பகுதியின் பெயர் பாண்டிச்சேரி என்பதிலிருந்து புதுச்சேரி என மாற்றப்பட்டது. செப்புக் காசில் இருந்த பெயர் இவ்வாறு சட்டத்திலும் இடம்பெற்றது. 2007 இல் பின்வருவன அதிகாரப்பூர்வச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

- விலங்கு: அணில். முதுகில் மூன்று கோடுகளை உடையது. சேது கட்ட உதவிய அணிலை இராமன் தடவிக்கொடுத்த கதை, சிறியோரின் தொண்டும் மதிக்கத்தக்கது என்பதை உணர்த்தும்.
- பறவை: குயில். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் இங்குதான் குயில் பாட்டை இயற்றினார். பாரதிதாசன் நடத்திய இதழின் பெயரும் குயில் ஆகும்.
- மரம்: வில்வம். இதன் மூவிலைகள் சிவ வழிபாட்டுக்கு உரியவை.
- மலர்: நாகலிங்கப் பூ. பாம்பின் படம் இலிங்கத்துக்குக் குடை பிடிப்பது போன்ற தோற்றம் உடையது. இதன் தாயகம் தென் அமெரிக்கா. அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை இம்மலருக்கு வளமை எனப் பெயரிட்டார்.

புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ் வழங்கும் பகுதிகள். மாகே மலையாளமும் ஏனாம் தெலுங்கும் வழங்கும் பகுதிகள். இந்நான்கும் நிலத்தால் ஒன்றையொன்று தொடாதவை. ஆயியின் கதை புதுச்சேரியை மட்டுமே சார்ந்தது. குயிலும் அணிலும் வில்வமும் எந்த ஒரு மொழியாருக்கோ ஆட்சியாளருக்கோ தனியுரிமை ஆனவை அல்ல. ஆதலின் நான்கு பகுதியினரும் தமதெனக் கொள்ளத்தக்கவை.

இவற்றையும் பார்க்கவும்

- பிரெஞ்சிந்தியா
- ஆனந்தரங்கப் பிள்ளை
- ஆயி மண்டபம்
- லாஸ்பேட்டை
- கீழூர்